ஒரு சோறு பதம், ஊரே மரமண்டை

மாணவச் செல்வமே, வாழ்த்துகள். கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி உன்னைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டதால், நீ அதற்குத் தகுதியானவள்தானா என்று பிறகு சோதித்தது. வாசலில் மாலை போட்டு அழைத்து வந்து, பந்தியில் இலை போடும்போது மட்டும் விருந்தாளியின் கையை முகர்ந்து பார்க்கும் வீடுகள் உண்டல்லவா? அந்த மாதிரி உபசாரம் இது.

இதற்குப் பெயர் பிளேஸ்மென்ட் டெஸ்ட். நம்மூரில் பிளேஸ்மென்ட் என்றால் நாலு வருஷம் படித்து முடித்தபின் கம்பெனிக்காரன் வந்து ஆள் எடுப்பது. அங்கே படிப்பு தொடங்குமுன்பே எந்த பெஞ்சில் உட்காரலாம் என்று கல்லூரி தீர்மானிப்பது. தீர்மானிக்கும் தேர்வில் ஓர் ஆங்கிலக் கட்டுரை உண்டு. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 1977 முதல் நாற்பது ஆண்டு நடத்திய தேர்வில் கட்டுரைக்குக் கொடுத்த நேரம் 45 நிமிடம். யாரோ ஒருவர் எழுதிய ஒரு பத்தியைத் தருவார்கள். அவர் சொல்வதை விளக்கி, ஒத்துக்கொள்கிறாயா இல்லையா என்று எழுத வேண்டும்.

தத்துவம் நம் பாட்டிமாருடையதுதான்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பாட்டி அடுப்படியிலேயே நின்றவள். அரிசி பழசா புதுசா, உலை எப்போது கொதித்தது, விறகு ஈரமா என்று எல்லாம் தெரிந்தவள்தான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவாள். இவர்களோ பானை இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை. உயர்நிலைப் பள்ளியில் நாலு வருஷம் உன் ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண் கோப்பில் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு காலைப்பொழுதில் எடுத்த ஒற்றைப் பருக்கையை உருட்டிப் பார்த்து, வேகவில்லை என்று பானையையே கவிழ்த்தார்கள்.

போகட்டும். கலிபோர்னியாவில் அந்தக் கடையைப் பெரும்பாலும் சாத்தியாகிவிட்டது. பிற மாநிலங்களில் பல கல்லூரிகளில் இன்னும் திறந்திருக்கிறது. அக்கா, தங்கை யாராவது அங்கே எழுதப் போகலாம். ஆகவே தேர்வுக்குத் தயாராகும் முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்.

முதல் பாடம்: நீளம். எம்.ஐ.டி.யில் எழுத்து கற்பித்த லெஸ் பெரல்மன், 2005-இல் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வில் கட்டுரைப் பகுதி புதிதாக வந்தபோது, வெளியான மாதிரிக் கட்டுரைகளையும் மதிப்பெண்களையும் எடுத்து வைத்துப் பார்த்தார். ஒரு வரிகூடப் படிக்காமல், தாளைத் தூரத்தில் பிடித்து நீளத்தைப் பார்த்தே பெரும்பாலும் மதிப்பெண்ணைச் சொல்லிவிட முடிந்தது. துணிக்கடைக்காரர் முழக்கோல் வைத்து அளக்கிற வேலை. கருத்து உள்ளவர்கள் சுருக்கமாக எழுதிக் கெட்டுப்போகிறார்கள். நீ வளர்த்து எழுது.

இரண்டாம் பாடம்: வாயில் நுழையாத சொல். ‘பிளெதோரா’, ‘மிரியட்’ இரண்டையும் நெட்டுருப் போடு. இரண்டுக்கும் ‘நிறைய’ என்றுதான் பொருள். ‘நிறைய’ என்று எழுதினால் நீ பண்ணையாள் மகள். ‘பிளெதோரா’ என்று எழுதினால் சிந்தனையாளர்.

மூன்றாம் பாடம்: உண்மையைப் பற்றிக் கவலைப்படாதே. அந்த சாட் கட்டுரையைத் திருத்தியவர்களுக்கு, தகவல் பிழைக்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்றே சொல்லப்பட்டிருந்தது. உள்நாட்டுப் போரில் வென்றவரைத் தோற்கடிக்கலாம், செத்தவரை எழுப்பலாம். காற்புள்ளி மட்டும் தன் இடத்தில் இருக்க வேண்டும். பொய் சொல்லலாம், இலக்கணத்தோடு சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அரசியலுக்குப் போனாலும் கைகொடுக்கும்.

நான்காம் பாடம்: யாருக்காக எழுதுகிறாய் என்று அறி. உன் கட்டுரையை யாராவது படிப்பார்கள் என்று நினைத்தாயா? காலேஜ் போர்டு நடத்தும் அக்யூபிளேசர் என்ற பிளேஸ்மென்ட் தேர்வில் ‘ரைட்பிளேசர்’ என்று ஒரு கட்டுரைப் பகுதி உண்டு. 300 முதல் 600 சொல் எழுதச் சொல்வார்கள். திருத்துவது இன்டெல்லிமெட்ரிக் என்ற மென்பொருள். நீ தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் மதிப்பெண் வந்துவிடும். அதில் ‘விமர்சனச் சிந்தனை’க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சிந்தனையே இல்லாத ஒன்று உன் சிந்தனையை அளந்து சொல்லும்.

இந்த வேடிக்கை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, அதே பெரல்மன் மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 2014-இல் பேபல் என்று ஒரு நிரல் செய்தார். மூன்று சொல்லைக் கொடுத்தால் நொடியில் முழுக் கட்டுரையைக் கக்கும். வாக்கியங்கள் கம்பீரமாக நடக்கும். பொருள் என்று ஒரு பொட்டுக்கூட இருக்காது. அந்தரங்கம் என்ற தலைப்பில் அது உளறிய கட்டுரையை, இதே இன்டெல்லிமெட்ரிக் ஓடும் ஒரு கட்டுரைப் பயிற்சித் தளத்தில் ஏற்றினார்கள். 6-க்கு 5.4 வாங்கியது. மெஷின் எழுதிய உளறலை மெஷின் படித்து மெச்சிக்கொண்டது. மனிதப் பிள்ளைகள் மட்டும் வெளியே வரிசையில் நின்றார்கள், தங்களுக்கு எழுதத் தெரியுமா என்று தெரிந்துகொள்ள.

ஐந்தாம் பாடம்: மனிதர் திருத்தினால் அதிர்ஷ்டத்தை நம்பு. 1961-இல் பால் டீடெரிக்கும் அவர் குழுவினரும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தவர்கள் சாதாரணப் பேர்வழிகள் அல்ல. ஆங்கிலப் பேராசிரியர்கள், விஞ்ஞானிகள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், தொழிலதிபர்கள். 101 கட்டுரைகளுக்கு ஒன்பது தரமும் கிடைத்தது. ஒருவருக்கு முத்தாகத் தெரிந்தது இன்னொருவருக்கு மூக்குச்சளி. ஐந்து வெவ்வேறு தரங்களாவது வாங்காத கட்டுரை ஒன்றுகூட இல்லை. இந்த ஆய்வை நடத்தியது யார்? எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ், தேர்வு விற்கும் தொழிலின் தலைமைக் கடை. இதைப் பார்த்துக் கடையை மூடினார்களா? திருத்துபவர்கள் ஒரே மாதிரி தலையாட்டும்படி பயிற்சி கொடுத்தார்கள். இன்னின்ன தாளுக்கு இன்னின்ன எண் என்று பழக்கி, ஒத்துப்போகாதவரை மறுபடி பழக்கி, எல்லாரும் ஒரே எண்ணைச் சொன்னதும், ‘நம்பகத்தன்மை’ வந்துவிட்டது என்றார்கள். கோயில் யானைகள் பத்து ஒரே நேரத்தில் துதிக்கையைத் தூக்கினால் பக்தி முற்றிவிட்டது என்று சொல்கிற கணக்கு.

ஆறாம் பாடம், இதுவே தலையாய பாடம்: பெற்றோரைக் கவனமாகத் தேர்ந்தெடு. சாப்பாட்டு மேசையில் தேர்வின் ஆங்கிலம் பேசுகிற குடும்பமாகப் பார்த்துப் பிற. நீயோ ஃபிரெஸ்னோ பக்கத்தில் திராட்சை பறிக்கும் வீட்டில் பிறந்து தொலைத்தாய். பத்து வயதில் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவே நின்று இரண்டு மொழியில் பேசினாய். வீட்டுக்காரருக்குக் கடிதம், வரி அலுவலகத்துக்கு விளக்கம், தம்பியின் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எல்லாம் நீதான் எழுதினாய். ஒரு சொல் பிசகினால் வாடகை வீடு போய்விடும் என்ற பயத்தோடு எழுதிய எழுத்து அது. அதற்கெல்லாம் இங்கே மதிப்பெண் கிடையாது. போட்டி நல்லதா, ஒத்துழைப்பு நல்லதா போன்ற, யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாத கேள்விக்கு ஐந்து பத்தி எழுதத் தெரிந்தவளுக்குத்தான் எழுதத் தெரியும்.

இந்தக் கை முகர்தலுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஹார்வர்டு 1874-இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது; நாட்டின் சிறந்த பள்ளிகளில் படித்த சீமான் வீட்டுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தேறவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1898-இலேயே ‘சப்ஜெக்ட் ஏ’ என்று ஒரு வேலியைக் கட்டியது. அதைத் தாண்டாதவர்கள் உட்கார்ந்த வகுப்புக்கு வளாகம் வைத்த செல்லப்பெயர் ‘போன்ஹெட் இங்கிலீஷ்’. நம் பாஷையில், மரமண்டை ஆங்கிலம். அறிவு வளர்க்கும் ஓரிடத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளையை முதல் வாரத்திலேயே மரமண்டை என்று கூப்பிட ஒரு பாடத்திட்டமே இருந்தது.

மரமண்டை வகுப்பு இலவசமாகவும் இருக்கவில்லை. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். நான்கு யூனிட் வகுப்புக்கு 184. பட்டத்துக்கு அது ஒரு துரும்புக்கும் சேரவில்லை. கட்டண விலக்கு கிடைத்தவர்கள் உண்டு. ஆனால் பேருந்துச் செலவுக்கும் வாடகைக்கும் போன வருஷத்துக்கும் விலக்குக் கொடுப்பார் இல்லை. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை வாழ்நாளில் மொத்தம் 12 செமஸ்டருக்குத்தான். மரமண்டை வகுப்பு அதையும் கொறித்தது. மாநிலப் பல்கலைக்கழகத்திலோ, முதல் வருஷத்துக்குள் இதை முடிக்காதவரை வெளியே அனுப்பும் விதி இருந்தது.

வகுப்பு ஒன்றோடு போனதா? சில கல்லூரிகளில் கல்லூரி ஆங்கிலத்துக்கு மூன்று, நான்கு படி கீழே வரை வகுப்பு வைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறி, தேறியவர் அத்தனை பேரும் தவறாமல் அடுத்த வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள் என்றே தாராளமாக வைத்துக்கொள். மூன்று படி கீழே தொடங்கிய 100 பேர் 70 ஆவார்கள், பிறகு 49, பிறகு 34. உண்மையான கல்லூரி ஆங்கிலத்தை முடிக்கும்போது மிச்சம் 24. மீதி 76 பேரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஒருத்திக்கு வேலை நேரம் மாறியது, ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது, ஒருவனுடைய கார் நின்றுபோனது. ‘அவர்களாகவே நின்றுவிட்டார்கள்’ என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். கொலைக்கு இதைவிடச் சுத்தமான கத்தி கிடையாது.

தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். நியூயார்க் சிட்டி காலேஜ் 1970-இல் ஏழை மாணவர்களுக்குக் கதவைத் திறந்தபோது, மினா ஷாக்னசி என்ற ஆசிரியை இதே மாதிரி பிளேஸ்மென்ட் கட்டுரைகள் சுமார் 4,000-ஐ உட்கார்ந்து படித்தார். சிவப்பு மையை மூடி வைத்துவிட்டுப் படித்தார். அந்தப் பிழைகளுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அவை முட்டாள்தனமோ சோம்பேறித்தனமோ அல்ல, புதிதாகக் கற்கிறவர்கள் கற்கிற வழியே அதுதான் என்று 1977-இல் புத்தகமாக எழுதினார். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தேர்வு தொடங்கியதும் அதே 1977-இல்தான். ஒரு கடற்கரையில் ஒருத்தி பூட்டுக்குச் சாவி செய்துகொண்டிருந்தாள். மறு கடற்கரையில் புதுப் பூட்டு வாங்கினார்கள்.

2012-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கணக்கை எடுத்து மேசையில் வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்த தரவில், ஆங்கில பிளேஸ்மென்ட் தேர்வு எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மிகத் தவறான இடத்தில் உட்கார்த்தப்பட்டிருந்தார். அதிலும், மேலே உட்கார வேண்டியவரைக் கீழே தள்ளியதுதான் அதிகம். பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்திருந்தாலே பிழை குறைந்திருக்கும் என்றார்கள். மூன்று தோசைக்கு ஒன்றைக் கருக்கும் கல்லை எந்த ஓட்டல்காரரும் மறுநாள் அடுப்பில் வைக்க மாட்டார். கலிபோர்னியாவில் இன்னும் ஐந்து வருஷம் வைத்தார்கள்.

2017-இல்தான் கலிபோர்னியாவுக்கு விடிந்தது. ஏ.பி. 705 என்ற சட்டம் சமுதாயக் கல்லூரிகளை, பள்ளிப் பாடங்களையும் மதிப்பெண்ணையும் பார்த்து இடம் கொடு என்றது. கீழ்ப்படி வகுப்பில் தள்ளப்பட்டவர்களில் ஆறு வருஷத்தில் கரையேறியவர்கள் 40 சதவீதம், நேராகக் கல்லூரி வகுப்பில் உட்காரவிட்டவர்களில் 70 சதவீதம் என்று அந்தச் சட்டமே தன் முகப்பில் எழுதிவைத்திருக்கிறது. அதே வருஷம் மாநிலப் பல்கலைக்கழகமும் 1110 என்ற ஆணையில் தன் தேர்வைக் குழிதோண்டிப் புதைத்தது. மரமண்டைகள் நேராக முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். கூரை இடிந்து விழவில்லை. ஷேக்ஸ்பியர் கல்லறையில் புரளவில்லை. முதல் வருஷத்திலேயே கல்லூரி ஆங்கிலத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பானை அத்தனை நாளும் வெந்துதான் இருந்திருக்கிறது.

அந்த 1110-ஆம் ஆணையைத் தேடி எடுத்துப் படி, செல்வமே. நல்ல ஆங்கிலம். ஒரு காற்புள்ளி இடம் மாறவில்லை. எந்தப் பாடத்துக்கு எத்தனை யூனிட், எந்த செமஸ்டரிலிருந்து அமல் என்று எல்லாம் இருக்கிறது. நாற்பது ஆண்டாக வேகவில்லை என்று கொட்டப்பட்டவர்களைப் பற்றி ஒரு பத்தி இல்லை. அவர்களிடம் வாங்கிய காசைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகவே இனி தலைப்பை நாம் தருவோம், அவர்கள் எழுதட்டும். நேரம் 45 நிமிடம். திருத்தப் போவது மென்பொருள் அல்ல. 1980-இல் மரமண்டை வகுப்பிலிருந்து ‘தானாகவே நின்றுபோன’ ஒருத்தி, இன்று அறுபதைத் தாண்டிய கிழவி, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். முன்னுரை, முடிவுரை, ஐந்து பத்தி ஒன்றும் அவளுக்கு வேண்டாம். ‘பிளெதோரா’வும் வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைத் தன்மையில், செய்வினையில், எழுவாயை ஒளித்துவைக்காமல் எழுதட்டும்.