‘ஓர்’ பற்றிய ஓர் ஆய்வு: ஆங்கில இறந்தகால வினைகள் வினாயகபுரத்தில் இணைவதும் இணையாததும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் நேற்று வந்தார், அல்லது போனார். இந்த இரண்டு வினைகளையும் ஆங்கிலத்தில் ‘ஓர்’, அதாவது ‘அல்லது’, போட்டு ஒரே வாக்கியத்துக்குள் அடைக்கும்போது என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். இது நாட்டின் அவசரப் பிரச்சினைகளில் ஒன்றல்ல. அவசரப் பிரச்சினைகளைக் கவனிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: எதிர்காலத்தில் வரும் ‘அல்லது’ ஒரு தெரிவு. இறந்தகாலத்தில் வரும் ‘அல்லது’ தெரியாமை, இல்லாவிட்டால் தெரிந்தும் சொல்லாமை. நடந்தது எப்படியும் நடந்துவிட்டது. சந்தேகம் முழுவதும் சொல்பவருடையது.

1. ஆய்வுக் களம்

வினாயகபுரம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் பிரதேசத்தில், அக்கரைப்பற்றையும் பொத்துவிலையும் இணைக்கும் வீதியை ஒட்டிய தமிழ்க் கிராமம். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் முஸ்லிம் ஊர் வரும். ஆகவே ஒரே பஸ்ஸில் ‘மனே’ என்று விளிப்பவரும் ‘காக்கா’ என்று விளிப்பவரும் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் இருந்து, ஒரே இலக்கணத்தில் ஊர்க்கதை பேசுவதைக் கேட்கலாம். பேச்சுத் தமிழ்களுள், இங்கும் பேசப்படும் மட்டக்களப்புத் தமிழே இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். அந்தப் பெருமைக்குரிய வட்டாரத்தின் பிள்ளைகள்தான் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலமும் எடுக்க வேண்டும். களத் தெரிவுக்கு இதற்கு மேல் நியாயம் தேவையில்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

தமிழில் ‘அல்லது’வின் வேலையையும் பார்க்கும் ஓகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஆறு பொருள் சொன்னார். நன்னூலார் எட்டு என்றார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கூடியது இரண்டே இரண்டு. இத்துறையில் ஆராய்ச்சி எவ்வளவு நிதானமாக முன்னேறும் என்பதற்கு இது சான்று.

இலத்தீன்காரர் ‘அல்லது’வுக்கு இரண்டு சொல் வைத்திருந்தார்கள். இரண்டும் நடந்திருக்கலாம் என்றால் ‘வெல்’. ஒன்றுதான் நடந்திருக்க முடியும் என்றால் ‘அவுட்’. இன்று தருக்க நூலில் ‘அல்லது’வுக்குப் போடும் குறி ‘வெல்’லின் முதலெழுத்திலிருந்து வந்தது. ஜோர்ஜ் பூல் 1854இல் தருக்கத்தைக் கணிதமாக்கியபோது, ஒன்றோடொன்று கலக்காத இரண்டையே கூட்டல் குறியால் இணைத்தார். கலந்தாலும் பாதகமில்லை என்று பின்னர் திருத்தியவர் ஜெவொன்ஸ்.

சட்டத்துறையின் பங்களிப்பு சூடானது. 1944இன் சட்ட அறிக்கையில் பதிவான ஒரு வழக்கில், பிரித்தானிய லோர்ட் சான்சலர் வைக்கவுண்ட் சைமன் ‘அன்ட்-ஓர்’ என்ற சேர்க்கையை முறைதவறிப் பிறந்த இணைப்புச்சொல் என்று ஏசினார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டிச் சாரதிகள் மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்டுப் போட்ட வழக்கு, சட்டத்தின் ஒரு பட்டியலில் ‘ஓர்’ என்ற சொல்லுக்கு முன்னே கொமா இல்லாததில் வந்து நின்றது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சாரதிகளின் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டு கம்பனி 50 இலட்சம் டொலருக்கு இணங்கிப் போனது. சிறிய சொல் என்று யாரும் இனி ஏளனம் செய்ய வேண்டாம்.

நமது கரையில், காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. ‘ஓர்’ நூல் இன்னும் வெளிவரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இம்முயற்சி.

3. ‘டிட்’டின் ஆட்சி எல்லை

ரியூசன் கொப்பிகளில் அடிக்கடி சிவப்பு மை வாங்கும் வாக்கியம் இது: ‘டிட் யு ஈட் ஓர் ட்ராங்க்?’

ஆங்கிலச் சட்டப்படி, கேள்வியில் ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலம் முழுவதையும் அதுவே சுமக்கும். பின்னால் வருகிற வினைகள், ஒன்றானாலும் பத்தானாலும், காலம் காட்டாமல் சும்மா நிற்க வேண்டும். ‘ஈட் ஓர் ட்ரிங்க்’ என்பதே சரி. நமது மாணவர் முதல் வினையில் இதை மதிக்கிறார். ‘ஓர்’ வந்ததும் வேறு கிராமத்துக்குள் நுழைந்ததாக நினைக்கிறார். ஒரு பிரிவின் கிராம உத்தியோகத்தர் அடுத்த பிரிவில் கையொப்பம் வைக்காதது போல, ‘ஓர்’ தாண்டினால் ‘டிட்’டின் அதிகாரம் செல்லாது என்பது அவரது துணிபு.

இந்தத் துணிபு எங்கிருந்து வருகிறது? தமிழிலிருந்து. ‘சாப்பிட்டியா, குடிச்சியா?’ என்று கேட்கும்போது இரண்டு வினையும் தத்தம் காலத்தையும் ஆளையும் தாமே சுமக்கின்றன. வினா எழுத்துக்கூட ஆளுக்கொன்று. ஒருவர் சுமக்க மற்றவர் கைவீசி நடக்கும் ஏற்பாடு இங்கே கிடையாது. ஆக, ‘ட்ராங்க்’ என்பது ஆங்கிலத்தில் பிழை. ஆனால் அது தமிழ் இலக்கணத்தின் ஒழுங்கான விளைச்சல்.

விதிவிலக்காக ஒரு புகலிடம் உண்டு. கட், புட், ஷட், ஹிட் ஆகிய வினைகள் நேற்றும் இன்றும் ஒரே உருவில் இருப்பவை. ‘டிட் யு கட் ஓர் ஹிட் இட்?’ என்று எழுதும் மாணவர் ஆங்கிலமாக நினைத்து எழுதினாரா, தமிழாக நினைத்து எழுதினாரா என்பதை எந்தப் பரீட்சகராலும் கண்டுபிடிக்க முடியாது. முழுப் புள்ளி போட்டே ஆகவேண்டும்.

4. வந்தது அவனா, அவர்களா?

ஆங்கில இறந்தகாலத்தில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ‘கேம்’ என்றால் அவனும் கேம், அவளும் கேம், ஊர் முழுவதும் கேம். ஒருமை பன்மை பார்த்து மாறுகிற ஒரே இறந்தகால வினை ‘வாஸ், வேர்’ மட்டுமே. வில்லங்கமும் அதில்தான். அண்ணனோ தம்பிமாரோ வீட்டில் இருந்தார்கள் என்று எழுத வேண்டுமானால் ‘வாஸ்’ஸா, ‘வேர்’ரா? பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் போடு என்கின்றன ஆங்கில இலக்கண நூல்கள். தம்பிமார் பக்கத்தில் நின்றால் ‘வேர்’. இடம் மாறி அண்ணன் பக்கத்தில் வந்தால் ‘வாஸ்’.

தொல்காப்பியர் இப்படி ஆள் பார்த்துப் பேசவில்லை. வருவது ஆணோ பெண்ணோ என்று ஐயம் வந்தால் பன்மையால் சொல் என்று கிளவியாக்கத்தில் முடித்துவிட்டார். ஆளைத் தெரியாவிட்டால் மரியாதை கொடு, பிறகு விசாரி. வினாயகபுரத்துச் சந்தியில் தூரத்தே வருகிற உருவத்தைப் பார்த்து ‘ஆரோ வாறாங்க’ என்று சொல்பவர், தாம் அறியாமலே அந்தச் சூத்திரத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்.

5. ‘ஓம்’ என்ற விடையின் சிக்கல்

‘டிட் ஹீ கம் ஓர் கோல்?’ என்று ஒருவர் கேட்கிறார்: வந்தாரா, தொலைபேசியில் அழைத்தாரா? ஆங்கிலத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. குரல் கடைசிவரை ஏறினால், இரண்டில் ஏதாவது நடந்ததா என்று பொருள், ‘ஓம்’ சொல்லலாம். முதலில் ஏறிப் பின் இறங்கினால், எது நடந்தது என்று பொருள். அதற்கும் ‘ஓம்’ சொன்னால் கேட்டவர் முறைப்பார். எழுத்தில் குரல் இல்லை. எனவே வினாத்தாளில் இரண்டு கேள்வியும் ஒன்றுபோலவே கிடக்கும்.

தமிழ் இதைக் குரலிடம் ஒப்படைக்கவில்லை. ‘டீயோ கோப்பியோ குடிச்சியா?’ என்றால் ஓம் சொல்லலாம். ‘டீயா கோப்பியா குடிச்ச?’ என்றால் பேரைச் சொல்லியே ஆகவேண்டும். ஓகாரமும் ஆகாரமும் தொழிலைப் பிரித்துக்கொண்டுவிட்டன.

6. இறந்தகால ‘அல்லது’வின் வகைகள்

6.1 அறியாத ‘அல்லது’. ‘படிச்சானோ படுத்தானோ, ஆருக்குத் தெரியும்?’ பரீட்சைப் பெறுபேறு வந்த வீட்டில் ஒரு தாய் சொல்வது. இது நேர்மையானது.

6.2 தப்பிக்கும் ‘அல்லது’. ஆங்கில விடுமுறைக் கடிதத்தில் காணப்படும்: ‘மை கிராண்ட்மதர் ஃபெல் ஓர் ஃபெய்ன்டட்.’ விழுந்தாரா, மயங்கினாரா? மயங்கி விழுந்திருந்தால் இரண்டும் மெய். இலத்தீனில் ‘வெல்’ போட்டிருப்பார்கள். பாட்டி அன்று கச்சான் வறுத்துக்கொண்டிருந்தால் எந்த மொழியும் உதவாது.

6.3 மரியாதை ‘அல்லது’. அக்கரைப்பற்றுக் கடைக்காரர் ஒருவர் கடனைத் திருப்பிக் கேட்கும் அழகு: ‘போன மாசக் காசு தந்தீங்களோ, நான்தான் எழுத மறந்தனோ, தெரியா தம்பி.’ இரண்டு வினையிலும் கடன்பட்டவர் குற்றமற்றவர். அவர் தரவில்லை என்ற மூன்றாவது வினை இருவருக்கும் தெரியும். யாரும் அதை வாயில் எடுப்பதில்லை. அதனாலேயே காசு அந்த இடத்தில் கைமாறுகிறது.

6.4 படிவ ‘அல்லது’. ‘கொடுப்பனவு பெற்றேன் / பெறவில்லை. பொருந்தாததை வெட்டிவிடுக.’ ஆங்கிலப் படிவத்தில் ‘ஓர்’ என்ற சொல்லின் வேலையை ஒரு சாய்கோடு பார்த்துக்கொள்கிறது. ஒன்றையும் வெட்டாமல் கையொப்பமிட்டவரின் படிவம் பிரதேச செயலகத்தில் திருப்பி அனுப்பப்படும். தருக்கத்தின்படி பார்த்தால் முழு உண்மை சொன்னவர் அவர் ஒருவரே. பெற்றார் அல்லது பெறவில்லை என்பதை எவராலும் மறுக்க முடியாது.

எதிர்காலத்துக்கு இத்தனை வகை இல்லை. நாளை வருவேனா மாட்டேனா என்பதை ஒரு வீட்டில் இன்ஷா அல்லாஹ் என்றும் அடுத்த ஊரில் பிள்ளையார் துணை என்றும் மேலே ஒப்படைத்துவிடலாம். நேற்று வந்தேனா இல்லையா என்பதை அப்படி ஒப்படைக்க முடியாது. அதை நாமே சொல்ல வேண்டியிருப்பதால்தான் இத்தனை வகை.

7. எதிர்ச் சான்று

மேற்கண்ட கொள்கையைக் கவிழ்க்கக்கூடிய ஒரு வாக்கியம் களத்தில் கிடைத்தது: ‘மாமா வந்தாரோ இல்லையோ, சண்டை துவங்கிற்று.’ இதில் தெரியாமை இல்லை, மறைப்பும் இல்லை. மாமா திண்ணமாக வந்தார். வந்து செருப்புக் கழற்றவும் நேரமிருக்கவில்லை என்பதே பொருள். இங்கே இரண்டு வினைக்கும் இடையில் இருப்பது சந்தேகம் அல்ல, வேகம். இதை ‘அங்கிள் கேம் ஓர் நாட்’ என்று ஆங்கிலமாக்கினால் மாமா வந்ததே ஐயத்துக்குரியதாகிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ‘நோ சூனர்’ என்று வேறு பாதையில் சுற்றிப் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்திருக்கும்.

ஆகவே கொள்கையைச் சற்றுத் திருத்துவோம்: இறந்தகால ‘அல்லது’ எப்போதும் சொல்பவரைப் பற்றியது. அவர் அறியாதவராக, தப்பிப்பவராக, பண்பானவராக, சில வேளை கதை சொல்லும் அவசரத்தில் இருப்பவராக இருக்கலாம்.

8. பரிந்துரைகள்

அ) ‘ஓர்’ உடன் சோடியாக வரும் ‘ஐதர்’ என்ற சொல்லை எழுவாய்க்கு முன்னே தூக்கி வைக்காமல் முதல் வினைக்கு முன்னே வைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு வினையும் அப்போதுதான் சமமாக நிற்கும்.

ஆ) பாட்டிமார் விடுமுறைக் கடிதங்களில் ஒரு வினைக்கு மேல் செய்யலாகாது.

இ) கடைக் கணக்குக் கொப்பிகளின் இலக்கணம் பல்கலைக்கழக மட்டத்தில் ஆராயப்பட வேண்டும். பல்கலைக்கழகம் உள்ள ஒலுவில் கிட்டத்தில்தான் இருக்கிறது.

ஈ) ‘டிட் யு ஈட் ஓர் ட்ராங்க்’ என்று எழுதிய விடைக்கு ஆங்கிலத்தில் அரைப் புள்ளி வழங்கலாம். மீதி அரையைத் தமிழ்ப் பாடத்தில் சேர்த்துவிடுவதே நீதி.