மீடியம் ரேர் அண்ணாச்சி

டல்லஸைச் சுற்றியிருக்கும் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலில்தான் விழவேண்டும். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல், "ரிப்-ஐ சாப்பிடுவீங்களா ஜி, இல்ல நியூயார்க் ஸ்ட்ரிப்பா?" என்று கேட்கும் மனிதர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்தான் மீடியம் ரேர் அண்ணாச்சி.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். சேலமாகவும் இருக்கலாம், மதுரையாகவும் இருக்கலாம், நோய் ஒன்றுதான். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்று அபாரமான பொறுமை வந்திருக்கும். அதை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் இருந்த நேரத்தில் மாட்டிறைச்சி ஸ்டேக் கையில் அகப்பட்டது. இதற்கு முன் கேமரா லென்ஸ், அதற்கு முன் பங்குச்சந்தை. அந்த இரண்டுக்கும் இது தேவலை, சாப்பிடவாவது செய்யலாம் என்பது அவர் மனைவியின் கட்சி.

ஞானம் பிறந்த கதையை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். வந்த புதிதில் ஒரு கம்பெனி விருந்து. ஸ்டேக் எந்தப் பதத்தில் வேகவேண்டும் என்று பரிமாறும் பெண் கேட்க, "வெல் டன்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. சும்மா ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அண்ணாச்சி இத்தனை வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, "எனக்குக் கொஞ்சம் நல்லா வேகட்டும்" என்று நாம் வாயெடுக்கும்போது அப்படியே நம்மேல் இறக்கிவைக்கிறார்.

சனிக்கிழமை காலையில் அவரைக் காஸ்ட்கோவில் பார்க்கவேண்டும். கறிப் பெட்டியின் முன்னால் குனிந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்து, வைத்து, அடுத்ததை எடுத்து, மறுபடி முதலாவதை எடுத்து... "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு நேரம் பார்க்கலை" என்று அவர் மனைவி தள்ளுவண்டியில் சாய்ந்தபடி சொல்வார். பார்ப்பது சதைக்குள் ஓடும் வெள்ளைக் கொழுப்பு இழைகளை. அமெரிக்க விவசாயத் துறை அந்த இழையைப் பார்த்துத்தான் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறது. ஜப்பான்காரர்கள் இதற்கே 12 வரை எண் வைத்திருக்கிறார்கள், 8க்குக் கீழே போனால் ஏ5 பட்டம் கிடையாது என்பதையெல்லாம் பில் போடும் வரிசையில் நிற்கும்போது நாம் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். அவருடைய போன வருஷத்து ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு எந்தத் தரம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பிரைம்தான்.

வாங்கி வந்ததை உடனே சமைத்தால் அது பாவம். உப்பைத் தூவி, கம்பித் தட்டின்மேல், மூடாமல், ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைக்கவேண்டுமாம். ஒரு பக்கம் தோசை மாவு, மறுபக்கம் தயிர், நடுவில் வெற்றுடம்போடு ஒன்றரை அங்குலக் கனத்தில் ரிப்-ஐ. அந்த ஃபிரிட்ஜைத் திறக்கிற விருந்தாளி கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "தண்ணி வெளியிலயே இருக்கட்டும்" என்பார்.

மறுநாள் சடங்கு ஆரம்பம். ஓவனில் 250 டிகிரி ஃபாரன்ஹீட். கறிக்குள் தெர்மாமீட்டர் ஊசி. அது 115ஐத் தொட்டதும் வெளியே எடுத்து, கனன்றுகொண்டிருக்கும் இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். வெண்ணெய், தட்டிய பூண்டு, தைம் தழை. சட்டியைச் சாய்த்து உருகிய வெண்ணெயைக் கரண்டியால் மொண்டு மொண்டு கறிமேல் ஊற்றும்போது அவர் முகத்தில் வருகிற பக்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதற்குள் வீடு முழுக்கப் புகை. கூரையில் அலாரம் வீல் வீலென்று அலறும். பத்து வயசுப் பையன், பழக்கப்பட்டவன், வீடியோ கேமை நிறுத்திவிட்டு வந்து நாற்காலிமேல் ஏறி, துண்டை விசிற ஆரம்பித்துவிடுவான். ஜனவரிக் குளிரில் நான்கு ஜன்னலும் திறந்திருக்கும். விருந்துக்கு வந்தவர்கள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வெந்துவிட்டது, போடுவார் என்று நினைத்தால், இல்லை. "ரெஸ்ட் ஆகணும் ஜி. பத்து நிமிஷம்." பசிக்கிற வயிறு பத்து நிமிடத்தில் என்ன பாடுபடும் என்பது அவருக்குத் தெரியும், அப்போதுதான் நாம் எழுந்து போகமாட்டோம் என்பதும் தெரியும். உரை தொடங்கும். மேற்புறத்தைச் சுட்டால் சாறு உள்ளே அடைபடும் என்று லீபிக் என்கிற ஜெர்மன்காரர் 19ஆம் நூற்றாண்டில் சொல்லிவிட்டுப் போனாராம், சுத்தத் தப்பாம். அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் 1912இல் மயார் என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதிய வினையாம். யாராவது தட்டில் ஊறும் சிவப்பைப் பார்த்து முகம் சுளித்தால் போச்சு. "அது ரத்தம் இல்லைங்க, மயோகுளோபின்!" உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உண்மையைச் சொல்லி ஒருவரை மேலும் ஒருமுறை குமட்ட வைக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். ஸ்டேக்கை 145 டிகிரிவரை சூடாக்கி மூன்று நிமிடம் வைக்கச் சொல்லி அரசாங்கமே வழிகாட்டியிருக்கிறதே என்றால், "அது கவர்ன்மென்ட் கணக்கு" என்று கையை வீசுவார். மனைவிக்கு மட்டும் 160. அவர் பங்கைக் கடைசியில் சட்டியில் போட்டுவிட்டு, பார்க்கச் சகிக்காமல் அந்தப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். அந்தக் கறி பிரமாதமாக இருக்கும். மேலே மொறுமொறுவென்று கறுத்த தோல், உள்ளே ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே ரோஜா நிறம், கத்தி வைத்தால் தானாக இறங்கும். பேசாமல் போட்டிருந்தால் கோயில் கட்டியிருக்கலாம்.

இந்தக் கறித் தட்டின் படங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். குடும்பக் குழுவுக்கு அதே தட்டின் ஓரத்திலிருந்த சாலட் மட்டும் போகும். அம்மா ஆறு மாத விசாவில் வந்து தங்கியபோது ஒருநாள் அந்த இரும்புச் சட்டியை எடுத்துத் தோசை வார்க்கப் போனார். அண்ணாச்சி பாய்ந்து வந்து பிடுங்கினார். உண்மையைச் சொல்ல முடியாதே! "அம்மா, இதுல சோப்பு கீப்பு பட்டா சீசனிங் போயிரும். இதெல்லாம் பழக்கி எடுக்கிறது லேசில்ல" என்றார்.

"ஏல, நீ பொறக்கதுக்கு முன்னாலேருந்து நான் ஒரே கல்லுல தோசை சுடுதேன். கல்லு பழக்க நீ எனக்குச் சொல்லித் தாரியா?"

அண்ணாச்சி சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அன்று சாயங்காலமே புதுச் சட்டி ஒன்று ஆர்டர் ஆனது, அம்மாவுக்கென்று தனியாக.

எனக்கு அவர்மேல் உண்மையாகவே கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பீஃப் பிரியாணி ஊர்ச் சாப்பாடு. வடசென்னையில் சாயங்காலமானால் பீஃப் ஃப்ரை கடைகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். சென்னையில் படித்த காலத்தில் அந்தக் கடைகளைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, கூட வந்தவனையும் சீக்கிரம் நடக்கச்சொன்னவர் இவர். இன்றைக்கு அறுபது டாலருக்கு வெள்ளைத் துணி விரித்த மேசையில் வந்தால் அது ரசனை. அந்தக் கடைக்காரர் கல்லில் போட்டுப் புரட்டியதும் மயார் வினைதான் அண்ணாச்சி என்று சொன்னால், பேச்சை மாற்றிவிடுவார்.

வெளியே சாப்பிடப் போனால் இவரோடு எதிர்வரிசையில் உட்காருவதே உத்தமம். மெனு அட்டையை நம்மிடமிருந்து வாங்கி நமக்கும் சேர்த்துச் சொல்வார். வந்த கறியை நடுவில் கீறிப் பார்த்து, "இது மீடியம்" என்று திருப்பி அனுப்புவார். சமையற்காரர் என்ன நினைப்பாரோ என்று நமக்குத்தான் வேர்க்கும். பெரிய ஸ்டேக் ஹவுஸ்களில் கறி மட்டும்தான் தட்டில் வரும், மற்றதெல்லாம் தனிவிலை. கிரீமில் மசித்த கீரைக்குத் தனியாகக் காசு கொடுத்து, "ஆகா!" என்பார். வீட்டில் கீரை மசியலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறவர். அமரில்லோவில் பிக் டெக்சன் என்று ஒரு கடை. 72 அவுன்ஸ் கறியை, கூட வரும் உருளைக்கிழங்கு, சாலட் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரத்தில் தின்றுமுடித்தால் காசு வேண்டாம். "அது சாப்பாடு இல்ல ஜி, சர்க்கஸ்" என்பார். அதைச் சொல்ல ஐந்தாறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்விட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் மிஞ்சிய கறி மறுநாள் மனைவி கைக்குப் போகும். பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு போட்டுச் சுருளச் சுருள வதக்கி ரசத்தோடு வைப்பார். தெர்மாமீட்டரை யாரும் தேடமாட்டார்கள். அண்ணாச்சி இரண்டாம் தடவை சோறு வாங்குவார்.

புரட்டாசியில் என்ன செய்வார் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். விரதமெல்லாம் சுத்தமாக இருப்பார். அதில் குறை சொல்லமுடியாது. போன புரட்டாசியில் கூப்பிட்டிருந்தார். சேனைக்கிழங்கை ஒன்றரை அங்குலக் கனத்தில் வெட்டி, முதல்நாளே உப்புத் தடவி, அம்மாவின் சட்டியில் இரண்டு பக்கமும் சுட்டு, வெண்ணெய் ஊற்றி, நடுவில் ஊசியைக் குத்திப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கையை நீட்டியதும் தடுத்தார்.

"ரெஸ்ட் ஆகணும் ஜி."

"கிழங்குக்கு என்னங்க ரெஸ்ட்டு? ரசம் ஆறுது, நீங்கள்லாம் உட்காருங்க" என்று அவர் மனைவி சட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்.