சடையங்குப்பத்து ரூபிடியம்: ஒரு கள ஆய்வு

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கும் சடையங்குப்பத்தில் தண்ணீர் லாரி எப்போது வரும், ஷேர் ஆட்டோ எப்போது நிறையும், பூண்டியில் திறந்துவிட்ட தண்ணீர் கொசஸ்தலையாறு வழியாக எப்போது தெருவுக்குள் நுழையும் என்பன பற்றித் துல்லியமான தரவுகளை இதுவரை எவரும் தொகுக்கவில்லை. தொகுத்தாலும் நம்புவார் இல்லை. அதே ஊரில் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில், பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவே பிசகும் பெட்டி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தாயிரம் கோடி என்றதும் ஏதோ திட்ட மதிப்பீடு என்று வாசகர் எண்ண வேண்டாம். அதை ஒரு கடிகாரத்தோடு கோத்துவிட்டால், ஒரு நொடி தவறுவதற்கே மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும் என்று பொருள். இப்படி ஒரு பெட்டிக்கு இப்படி ஓர் ஊரில் என்ன வேலை என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஆய்வு எல்லை: சடையங்குப்பம், அதில் ஒரு வீடு, அதிலும் மாடிப்படிக்கு அடி. முதன்மைத் தகவலாளி, மணலித் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்ட்ருமெண்ட் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். துணைத் தகவலாளி அவருடைய மனைவி. கள ஆய்வு மரபுப்படி இருவர் பெயர்களும் மறைக்கப்பட்டுள்ளன. அதே மரபுப்படி டீ வாங்கித் தர வேண்டியவர் ஆய்வாளர். இங்கே தகவலாளிகள் வாங்கித் தந்தார்கள். இதனால் முடிவுகள் ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம்.

இந்த ரூபிடிய அலைவெண் பெட்டியின் பெயர் எஃப்.ஈ. 5680ஏ. நீளம் 12.5 செ.மீ., கனம் இரண்டரை செ.மீ. ஒருகாலத்தில் செல்போன் கோபுரத்தின் அடியில் இரும்பு அலமாரிக்குள் உத்தியோகம் பார்த்த இனத்தைச் சேர்ந்தது. சி.டி.எம்.ஏ. முறையில் எல்லாக் கோபுரங்களும் மைக்ரோநொடிக் கணக்கில் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் சிக்னல் விட்டுப்போகும் நேரத்தில் தாளம் தப்பாமல் பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு ரூபிடியமோ, அடுப்பு வைத்த கிரிஸ்டலோ இருக்கும். கோபுரங்கள் அடுத்த தலைமுறைக்கு மாறியபோது இவை உலகெங்கும் காயலாங்கடைக்கு வந்து சேர்ந்தன. வேலையில் இருந்தபோது எவரும் ஏறிட்டுப் பார்க்காத பொருளுக்கு ரிட்டயர்மென்டுக்குப் பிறகு ரசிகர்கள் கிடைத்தார்கள். தகவலாளிக்கும் பெட்டிக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர் சுட்டிக்காட்டவில்லை, டீ தீர்ந்திருக்கவில்லை.

அதன் உள்ளே ரூபிடிய ஆவி எரியும் சின்ன விளக்கு ஒன்று உண்டு. அந்த ஒளி, ரூபிடிய ஆவியே அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பியைக் கடந்து போய் ஓர் ஒளி உணரியின்மேல் விழும். குப்பிக்குள் மைக்ரோஅலையைச் செலுத்தி அலைவெண்ணை மெல்ல மெல்ல நகர்த்தினால், நொடிக்கு 6,83,46,82,610 அதிர்வுகளைத் தொடும் இடத்தில் மட்டும் ஒளி இம்மி மங்கும். அந்த மங்கலை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஒரு கிரிஸ்டலை மேய்ப்பதுதான் மொத்த வித்தை. ஸ்விட்சைப் போட்ட சில நிமிடங்களில் “லாக் ஆயிடுச்சி” என்பார் தகவலாளி. அதன்பின் பெட்டி நொடிக்கு ஒரு கோடி துடிப்பு வீதம் ஒரு ஒயரில் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடும் தள்ளும். சூட்டை இழுக்க அடியில் அகலமான அலுமினியம் வேண்டும். இரும்புத் தோசைக்கல் ஆகாது, காந்தத் தொல்லை வரும் என்று ஆராய்ந்து, கோட்டிங் போன நான்ஸ்டிக் தவா ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்வுக் குழுவில் துணைத் தகவலாளி இடம்பெறவில்லை. “நாஷ்டா சுட தவா இல்ல தம்பி. கேட்டா அணு வெச்சிக்கிறேன்றாரு” என்பது அவருடைய வாக்குமூலம்.

இனி ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு. “அண்ணே, இப்போ மணி என்ன?” என்று ஆய்வாளர் கேட்டார். தகவலாளி பெட்டியைப் பார்க்கவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தார். ஏனெனில் பெட்டிக்கு மணி தெரியாது. அதில் முள் இல்லை, எண் இல்லை, இன்றைக்குச் செவ்வாயா புதனா என்ற கவலையும் இல்லை. நொடி எவ்வளவு நீளம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எந்த நொடி என்று கேட்டால் முழிக்கும். வட்டாரத்திலேயே மிகத் துல்லியமான கால அளவையிடம் நேரம் கேட்க முடியாது என்பது முதலில் வினோதமாகத் தோன்றும். அளவுகோலிடம் போய்த் துணி எங்கே என்று கேட்பதும் இப்படித்தான்.

முன்னாய்வுகளைச் சொல்லாமல் மேலே போவது முறையன்று. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் நீர் வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்கிறார்கள். அது அரசாங்க உத்தியோகம், பொழுதுபோக்கில் சேராது. சென்னையில் இந்தப் பொழுதுபோக்கு நோயாக முற்றிய முதல் ஆள், ஆய்வாளருக்குத் தெரிந்தவரை, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி. 1786-ல் எழும்பூரில் தன் வீட்டிலேயே ஒரு வானாய்வகம் வைத்துக்கொண்டார். தொலைநோக்கிகளோடு வானியல் ஊசல் கடிகாரங்களும் அதில் இருந்தன. கருவிகளைப் பிறகு கம்பெனிக்கே கொடுத்தார். 1807-ல் சில மாதம் சென்னைக்குத் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். பதவி உயர்வுக்கு நோய் தடையாகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தக் கருவிகளுக்காக மைக்கேல் டாப்பிங் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஆய்வகக் கட்டடம் எழுப்பினார். தரை அதிர்வு தொலைநோக்கியைத் தொடக்கூடாது என்று 15 அடி உயரக் கருங்கல் தூணை நிறுத்தினார். சடையங்குப்பத்தில் அதே காரணத்துக்காக, மிக்ஸி வந்தபின் வேலையிழந்த அம்மிக்கல் ஒன்று மாடிப்படிக்கு அடியில் நிறுத்தப்பட்டுள்ளது. டாப்பிங்கைத் தகவலாளி படித்ததில்லை. இருநூறு ஆண்டு இடைவெளியில் இருவரும் தனித்தனியே கருங்கல்லுக்கு வந்து சேர்ந்தது ஒப்பாய்வுக்கு உரிய செய்தி. டாப்பிங்குக்குப் பின் வந்த கோல்டிங்காம் நொடி ஊசலின் நீளத்தை அளந்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கவிட்டு, நெருப்பு தெரிந்ததற்கும் சத்தம் வந்ததற்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி ஒலியின் வேகத்தைக் கணித்தார். இன்றும் புத்தாண்டு நள்ளிரவில் துறைமுகக் கப்பல்கள் ஊதும் சங்கு, பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குக் கிட்டத்தட்ட அரை நிமிடம் கழித்தே கேட்கும். அதைக் கேட்டு கேக் வெட்டுபவர்கள் எல்லோரும் தாமதமாகத்தான் வெட்டுகிறார்கள்.

நுங்கம்பாக்கம் கணித்த மதராஸ் நேரம்தான் 1870 வாக்கிலிருந்து இந்திய ரயில்கள் முழுவதற்கும் நேரம். கல்கத்தாவும் பம்பாயும் ஊருக்குள் என்ன மணி வைத்துக்கொண்டாலும், ரயிலேற வேண்டுமானால் நம் மணியைப் பார்க்க வேண்டும். 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வந்தது. சென்னைக் கடிகாரங்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளப்பட்டன. அந்த ஒன்பது நிமிடத்துக்கு ஈடு எதுவும் தரப்படவில்லை. இப்போது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் காக்கும் நேரத்தை நாடெங்கும் பரப்ப ஐந்து ஊர்களில் ஆய்வகம் அமைக்கிறார்கள்: அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டி. பட்டியலில் சென்னை இல்லை. எனவே சடையங்குப்பத்து மாடிப்படி ஆறாவது ஆய்வகமாகச் செயல்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதற்கு மணி தெரியாது என்பதை மேலே ஒப்புக்கொண்டோம். அது சிறு குறை.

நோய் எப்படித் தொற்றியது? தகவலாளியின் பணிக்காலத்தில் அவர் மேசைக்கு எதிரே, பேனலில் மின் அலைவெண் காட்டும் முள் ஒன்று இருந்தது. 50-ல் நிற்க வேண்டிய முள். தென்மாநில மின்கட்டம் தனியாக ஓடிய அந்த நாட்களில் கோடை வந்தால் அது 49-க்கும் கீழே இறங்கித் தவிக்கும். எண்ணூர்ப் பக்கம் ஓர் அனல் யூனிட் நின்றால் முள்ளில் தெரியும் என்கிறார். முள்ளைப் பார்த்தே மாநிலத்தின் உடல்நிலை சொன்ன மனிதர் அவர். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் தடம் வழியாகத் தென்கட்டம் தேசியக் கட்டத்தோடு இணைந்தது. முள் அடங்கிவிட்டது. இப்போது அனுமதிக்கப்பட்ட வரம்பே 49.90 முதல் 50.05 வரைதான். நாட்டுக்கு நன்மை; தகவலாளிக்கு வேடிக்கை போயிற்று. பெரிய பிசகு கிடைக்காதவன் சின்னப் பிசகைத் தேடிப் போவான். நொடிக்கு 32,768 துடிப்பு போடும் கைக்கடிகாரக் கிரிஸ்டலில் தொடங்கினார். அது மாதத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடிவிடும் என்பதால் சீக்கிரமே அலுத்தது. அடுத்து வந்தது அடுப்புக் கிரிஸ்டல். வெளியே சித்திரை வெயிலோ மார்கழிப் பனியோ, கிரிஸ்டல் மட்டும் 80 டிகிரிக்குப் பக்கத்தில் நிலையாக வெந்துகொண்டிருக்கும். அதற்கு மேல்சட்டையாகக் காசிமேட்டிலிருந்து மீன் வந்த தெர்மாகோல் பெட்டி. சூடேறினால் வஞ்சிரம் மணக்கும் ஆசிலேட்டர் உலகில் வேறெங்கும் பதிவாகவில்லை.

இரண்டு வந்ததும் சண்டை வந்தது. ரூபிடியமும் அடுப்புக் கிரிஸ்டலும் ஒன்றுக்கொன்று பிசகினால், பிசகியது எது? இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. பஞ்சாயத்துக்கு மூன்றாவது வேண்டும். மூன்றையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, குற்றம் யாருடையது என்று பிரித்தெடுக்கக் கணக்கே இருக்கிறது. டேவிட் ஆலன் 1966-ல் கொடுத்த அளவையை வைத்து, ஒரு நொடியில் எவ்வளவு தடுமாறுகிறது, ஒரு நாளில் எவ்வளவு என்று வளைகோடு போடுவார்கள். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கில் எவரும் இரண்டோடு நிற்பதில்லை. தகவலாளியின் மூன்றாவது, மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்குக்குப் பக்கத்தில் ஆன்டெனா வைத்து ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிடம் வாங்கும் நொடி.

தமிழர்க்கு இது புதிதன்று. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நெடுநாளாக ஒன்றுக்கொன்று பிசகிக்கொண்டுதான் இருக்கின்றன. 2023-ல் திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது ஜனவரி 17. வாக்கியப்படி திருநள்ளாறு கொண்டாடியது டிசம்பர் 20. இடையில் 337 நாள். இந்த அளவு பிசகு சடையங்குப்பத்தில் வந்திருந்தால் தகவலாளி உணவருந்தியிருக்க மாட்டார். ஆனால் தமிழ்க் குடும்பம் ஒன்று மூன்றாவது பஞ்சாங்கம் வாங்கி வளைகோடு போட்டதாகச் செய்தி இல்லை. வீட்டுக்கு எது வழக்கமோ அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆணியில் மாட்ட முடியாத அளவுக்குக் கருவிகளைப் பெருக்கியதே தகவலாளியின் அமைதி கெட்டதற்குக் காரணம் என்று துணைத் தகவலாளி கருதுகிறார். இந்தக் கருத்து கணிதமுறையில் இன்னும் மறுக்கப்படவில்லை.

இடையூறுகளில் தலையாயது கன்டெய்னர் டிரெய்லர். கிரிஸ்டலைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலே அலைவெண் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு மாறிவிடும். சாலைப் பள்ளத்தில் டிரெய்லர் இறங்கும்போது சொல்லவே வேண்டாம். அம்மிக்கல் பாதியைத்தான் தாங்கும். அடுத்தது காத்தாடி. மாஞ்சா சிக்கி ஆன்டெனா ஒரு முழம் நகர்ந்தால் ஒன்றரை நானோநொடி போயிற்று. ஒளி ஒரு நானோநொடியில் ஓரடிதான் போகும். மாடியிலிருந்து இறங்கும் 15 மீட்டர் கேபிளுக்கு 75 நானோநொடி கழிக்கிறார் தகவலாளி. தெருப் பையன்களைக் கூப்பிட்டு இதை விளக்கியும் இருக்கிறார். “இன்னா நைனா, ஒரு மொயம்தான நவுந்துச்சி” என்று போய்விட்டார்களாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. நெடுநாள் அணையாமல் எரிந்த அடுப்புக் கிரிஸ்டல் அணைந்தது. அப்படி அணைந்தது மறுபடி எரிந்தால் பழைய இடத்துக்கு உடனே வராது. வாரக்கணக்கில் முரண்டு பிடிக்கும். படிக்கு அடியில் தண்ணீர் வந்தபோது மாடிக்கு முதலில் ஏறியது ரூபிடியம், அடுத்து ரேஷன் கார்டு, அதற்கும் அடுத்து மாமியார் என்கிறார் துணைத் தகவலாளி. முதன்மைத் தகவலாளி வரிசையை மறுக்கிறார்: கார்டும் பெட்டியும் ஒரே பையில்தான் இருந்தன, அம்மா தானாகவே ஏறினார். விண்வெளியில் இருந்தாலும் இந்தச் சாதனங்களுக்குச் சுகமில்லை. 2013-ல் ஏவிய இந்திய வழிகாட்டிச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ-யின் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் செயலிழந்ததாக 2017 ஜனவரியில் செய்தி வந்தது; உள்நாட்டில் செய்த ரூபிடியம் 2023 மே 29 அன்றுதான் என்.வி.எஸ்.-01 ஏறியபோது விண்ணுக்குப் போனது. “மேல போயி தட்டிப் பாக்க ஆளில்ல தம்பி. இங்க நா இருக்கேன்” என்றார் தகவலாளி.

மேலாய்வுக்கு ஒரு களம் திறந்திருக்கிறது. அமெரிக்காவில் டாம் வான் பாக் என்ற பொழுதுபோக்காளர் 2005-ல் மூன்று சீசியம் கடிகாரங்களையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு ரெய்னியர் மலையில் ஒரு வார இறுதியைக் கழித்தார். ஈர்ப்பு குறையும் உயரத்தில் நேரம் வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டீன் சொன்னபடியே, வீட்டில் விட்டுவந்தவற்றைவிட அவை சுமார் 22 நானோநொடி முந்தியிருந்தன. நமக்குக் கோடைக்கானல் இருக்கிறது. 1899-ல் சென்னையின் வானியல் வேலை அங்கேதான் போனது. ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரமும் அங்கேதான் இருக்கிறது. 2,343 மீட்டர் உயர ஆய்வகத்துக்கு ஊசலைக் கொண்டுபோனால், திருத்தாத வரை நாளுக்கு 20, 30 நொடி பின்தங்கும். அணுவைக் கொண்டுபோனால் நாளுக்கு 22 நானோநொடி முந்தும். ஒரே மலை, ஒன்றை மந்தமாக்கி மற்றதைச் சுறுசுறுப்பாக்குகிறது. குடும்பத்தோடு நான்கு நாள் கோடைக்கானல் என்றதும் துணைத் தகவலாளி உடனே சம்மதித்தார். வேனில் பேட்டரிக்கு ஒரு சீட் போவதையும் பொறுத்துக்கொண்டார். 22 நானோநொடியைவிட ரூபிடியத்தின் சொந்தத் தடுமாற்றமே பெரிது, அதனால் முதலில் ஒரு சீசியம் வாங்கியாக வேண்டும் என்பது மட்டும் அவரிடம் இன்னும் சொல்லப்படவில்லை.