நாய்க்கு அடிபட்டா நீ குரைக்காதே

ஏன்டா ராசா, ஞாயித்துக்கெழம ஆனா கப்பன் பார்க்குக்குக் கார்ல ஏத்திக்கிட்டுப் போறியே, அந்த மகராசனுக்குக் கால்ல கண்ணாடிச் சில்லு கீறிடுச்சாமே! குடும்பமே ஒப்பாரி வைக்குது. வாட்ஸப்புல போட்டோ போயிடுச்சு, அப்பார்ட்மெண்டே அழுவுற பொம்மை அனுப்பியாச்சு. ரத்தத்தைத் தொடைக்கத்தான் ஆளில்லை.

மொதல்ல அது வாயைக் கட்டு. 'எங்க பப்பி கடிக்காது தாத்தா'ன்னு ஆரம்பிக்காதே. வலி வந்தா பெத்தவளையே கடிக்கும். நீ யாரு, அதுக்கு ஈஎம்ஐ கட்டுறவன். துப்பட்டாவைக் கிழிச்சு மூக்கு மேல ஒரு சுத்து, தாடைக்கு அடியில ஒரு சுத்து, காதுக்குப் பின்னால முடிச்சு. வாந்தி எடுக்கிறதுக்கும், மூச்சு வாங்குறதுக்கும், மூஞ்சி சப்பையான பக் சாதிக்கும் இந்தக் கட்டு ஆகாது.

சுத்தமான துணியை வச்சு அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடி. இடையில தூக்கித் தூக்கிப் பாக்காதே; அதென்ன சோத்துப் பானையா, வெந்துச்சான்னு மூடியத் தொறக்க? உறைஞ்ச ரத்தம் பிச்சுக்கும். நின்னப்புறம், அரை லிட்டர் காய்ச்சி ஆறுன தண்ணியில ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைச்சுக் கழுவு. சில்லு ஆழமா இறங்கியிருந்தா புடுங்காதே, அது டாக்டர் பாடு. நகம் வெட்டுறேன்னு சதையோட வெட்டிட்டியா? சோள மாவை அப்பி அழுத்து, போதும்.

இப்ப உன் மருந்து டப்பாவை மூடு. டோலோ பெங்களூர்க் கம்பெனி சரக்குதான். அதுக்காக பெங்களூர் நாய்க்கும் ஒத்துக்கணும்னு சட்டமா? அதுல இருக்கிற பாராசிட்டமால் நாயோட ஈரலைக் கெடுத்துரும். ஐபுப்ரோஃபன் வயித்தைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் பதம் பாக்கும்.

எங்க ஊர்க்காரன் மட்டும் யோக்கியனா? உண்ணிக்கு மண்ணெண்ணெய், புழு வச்ச புண்ணுக்கு டர்பன்டைன்னு ஊத்துவான். தோல் வெந்துபோவும், நாய் அதையும் நக்கி முழுங்கும். 'நக்கியே ஆறிடும்'னு உன் பாட்டி சொல்லுவா. அவ வச்ச ரசத்தை நம்பு, இதை நம்பாதே. நக்குனா கிருமிதான் ஏறும். கழுத்துல புனலை மாட்டு. ரெண்டு நாள் உன்னை மொறைக்கும், பரவால்ல.

உன் நாயைத் தெருநாய் கடிச்சிருந்தா கதையே வேற. மேல கடுகாட்டம் ஓட்டை, உள்ள சதை கிழிஞ்சிருக்கும். அன்னைக்கே டாக்டர்கிட்ட போ, தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துக்கோ. வெலக்கி விடப் போயி நீ கடி வாங்கினா, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஊசி போடப் போ. வெறிநோய்க்கு வந்தப்புறம் வைத்தியம் கெடையாது.

பத்து நிமிஷம் அழுத்தியும் ரத்தம் நிக்கலியா, ஈறு வெளுத்திருக்கா, அப்ப எங்கிட்ட யோசனை கேக்காதே, கிளம்பு. 1958லேர்ந்து ஹெப்பாள்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குதான். ஆனா நீ குடியிருக்கிறது சில்க் போர்டு பக்கம். சாயங்கால டிராஃபிக்குல கிளம்பினா நீ போய்ச் சேரறதுக்குள்ள புண்ணே ஆறிடும். அதனால வீட்டுக்குப் பக்கத்துல எந்த டாக்டர் ராத்திரியும் பாப்பார்னு இன்னைக்கே விசாரிச்சு, நம்பரை போன்ல ஏத்தி வை.