பிடித்த முயலுக்கு மூன்று சதுர அடி

வாயில்லா ஜீவன் என்று எல்லாப் பிராணிகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நாய் விஷயத்தில் அது சுத்தப் பொய். ராத்திரி இரண்டு மணிக்கு அதுவே வந்து நிரூபிக்கும். பூனைக்குப் பசித்தால் தெருவைக் கூட்டிவிடும். உண்மையாகவே வாயில்லாதது முயல்தான். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் வந்ததும் அதனால்தான். குரைக்காது. லிஃப்டில் ஏறாது. செயலாளரின் வேட்டியை முகர்ந்து பார்க்காது. நாய் வளர்ப்பவர்களுக்கு மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிற சங்கம், முயல் வளர்ப்பவரைப் பார்த்துப் புன்னகை செய்கிறது. ஒரு பிராணியிடம் நம் நகரம் எதிர்பார்க்கும் ஒரே தகுதி, அது இருப்பதே தெரியக்கூடாது என்பது. இறந்துபோவதும் தெரியாமலே நடந்துவிட்டால் இன்னும் விசேஷம்.

சென்னையைச் சுற்றி எந்த வாரச் சந்தைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பழைய மிக்சி, ரோஜாப் பதியன், திருட்டு ஸ்பேனர் எல்லாம் தாண்டினால், கம்பிக் கூண்டுகளை மூன்றடுக்காக வைத்திருப்பார்கள். மேல்தட்டு முயலின் மூத்திரம் நடுத்தட்டு முயலின் முதுகில், நடுத்தட்டினுடையது கீழ்த்தட்டின் தலையில். சமுதாயம் எப்படி இயங்குகிறது என்பதற்குப் பாடப்புத்தகம் தேடுகிறவர்கள் அங்கே ஐந்து நிமிடம் நிற்கலாம்.

"சத்தம் கித்தம் ஒண்ணும் இருக்காது சார். கேரட் போட்டா போதும். தண்ணி வெச்சிடாதீங்க, வயிறு உப்பிச் செத்துரும்."

"பெருசா வளருமாப்பா?"

"இதே சைஸுதான் சார். குட்டி ஜாதி."

"அப்பா, எனக்கு ரெண்டு வேணும்ப்பா."

"ஜோடியாவே எடுத்துக்க பாப்பா. இது ஆம்பள, இது பொம்பள."

இதில் சத்தத்தையும் ஜோடியையும் தவிர மற்ற எல்லாம் பொய். குட்டி ஜாதி என்கிறாரே, அது ஜாதியல்ல, வயது. எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டிய குட்டியை நாலு வாரத்தில் பிடுங்கி வந்தால் எந்த ஜாதியும் குட்டியாகத்தான் இருக்கும். தண்ணீர் வைத்தால் செத்துவிடும் என்ற வேதவாக்கை யார் முதலில் உபதேசித்தாரோ, தமிழ்நாட்டில் எத்தனையோ முயல்கள் இன்றும் அவர் புண்ணியத்தில் நாக்கு வறண்டு கிடக்கின்றன. முயலுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும், அதுவும் கனமான கிண்ணத்தில்.

கேரட் முயலின் உணவே அல்ல. 1940இல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி என்ற அமெரிக்கக் கார்ட்டூனின் உணவு. நிஜ முயலுக்கு அது மிட்டாய். என்றாவது ஒரு துண்டு கொடுக்கலாம். அதற்கு வேண்டியது புல். பச்சைப் புல், அதைவிட அதிகமாகக் காய்ந்த புல், நாள் முழுக்க, வேண்டிய மட்டும். காரணம் எளிது. முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்கின்றன, முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். தின்ன வலிக்கும். தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். அரை நாள் வயிறு காலியாக இருந்தாலே முயலுக்கு அது ஆபத்து நேரம். தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது, உடம்பின் அமைப்பு அப்படி.

இந்த வயிற்றுக்குள்தான் நாம் பால் பிஸ்கட்டை அனுப்புகிறோம். "எங்க ஸ்நோயி தயிர்சாதம் சாப்பிடும் தெரியுமா!" என்று பெருமைப்படுகிற வீடுகள் எனக்குத் தெரியும். மாவடுவும் தொட்டுக்கொள்ளுமா என்று கேட்க நாக்கு துடிக்கும். அதே ஸ்நோயி தன் ஆசனவாயில் வாய்வைத்துத் தன் மென்புழுக்கையைத் தின்னும்போது மட்டும் "சீ, அசிங்கம்!" என்று முறத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அது அசிங்கமல்ல, அதன் ஜீரணத்தின் இரண்டாவது பந்தி. தயிர்சாதம்தான் அசிங்கம். பிள்ளையார் கோவில் வாசலில் கட்டுக் கட்டாக விற்கிற அருகம்புல்லை வாங்கி அலசிப் போட அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. எங்கே வைப்பது?

ஹாலில் வைத்தால் வாடை. படுக்கையறையில் ரோமம். சமையலறை பற்றிப் பேச்சே இல்லை. ஆக, பால்கனி. அதிலும் துணி காயப்போடுகிற இடம், துளசி மாடம், பழைய சைக்கிள் எல்லாவற்றுக்கும் போக மிஞ்சுகிற மூலை, ஏசியின் வெளிப்பெட்டிக்குக் கீழே. இரண்டடிக்கு ஒன்றரையடி கூண்டு. உள்ளே குடும்பம் 24 டிகிரியில் போர்வை போர்த்திக்கொண்டு சீரியல் பார்க்கிறது. உள்ளேயிருந்து உறிஞ்சிய உஷ்ணத்தை அந்தப் பெட்டி வெளியே ஊதுகிறது. மே மாதச் சென்னையின் 40 டிகிரி போதாதென்று இது வேறு. வியர்க்கத் தெரியாத பிராணி அது. நாய் மாதிரி மூச்சிரைத்துச் சூட்டைத் தள்ளவும் சாமர்த்தியம் கிடையாது. காது மடல் வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும், அந்தக் காதில் அனல் வீசுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம். அரசாங்கத்துக்கே இது தெரியும். மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பது கோயம்பேட்டில் அல்ல, கொடைக்கானலுக்கும் அப்பால் மன்னவனூர் குளிரில். நம் ஆள் நாலாவது மாடி மேற்குப் பார்த்த பால்கனியோடு முடித்துக்கொண்டார்.

பூர்விகம் ஸ்பெயின், போர்ச்சுகல். மண்ணுக்குள் வளை தோண்டி, கூட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வாழ்கிற குலம். அதற்கு நாம் கொடுத்திருப்பது கம்பித் தரை. அந்த முயலை ஒருமுறை மெதுவாகத் திருப்பி, பின்னங்காலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தை உண்டு. முயலுக்கு வெறும் ரோமம்தான். கம்பி அழுத்த அழுத்த அந்த ரோமம் உதிர்ந்து, குதிகாலில் எட்டணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் தெரியும். பிறகு அது வெடிக்கும். பிறகு சீழ், எலும்பு வரைக்கும் போகும். வலிக்கிறதா என்றால், வலிக்கிறது. சொல்லுமா என்றால், சொல்லாது. இரையாகப் பிறந்தவன் வலியைக் காட்டினால் பருந்து முதலில் அவனைத்தான் பார்க்கும். நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் "சமத்து".

பிரிட்டனில் முயல் நலச்சங்கம் ஒன்று இருக்கிறது. ஒரு ஜோடி முயலுக்குக் குறைந்தபட்சம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் கணக்கில் சுமார் 65 சதுர அடி. நம்மூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அந்த இடத்துக்கு இரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்கலாம். சிரியுங்கள். ஆனால் மேன்ஷன்வாசி காலையில் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போகிறான். முயல் அந்தக் கூண்டிலேயே எட்டு வருடம், பத்து வருடம் இருக்க வேண்டும். அதுதான் அதன் ஆயுள். விற்றவர் இதையும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவர் விற்ற எதுவும் அத்தனை நாள் இருந்ததில்லை.

ரீல்ஸ் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். முயலை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றைத் தடவி, பின்னணியில் ஒரு இளையராஜா பாட்டு. "எவ்ளோ ரிலாக்ஸா இருக்கு பாருங்க!" கீழே ஆயிரம் இதயம். அது ரிலாக்ஸாக இல்லை ஐயா. வேட்டை மிருகத்தின் வாயில் மாட்டியபின் தப்ப வழியில்லை என்று உடம்பு உறைந்துபோகிற நிலை அது. செத்ததுபோல் கிடந்தால் விட்டுவிடுவான் என்ற கடைசி நம்பிக்கை. நீங்கள் விடவில்லை, படம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த ரீலில் பேபி ஷாம்பூ போட்டு பாத்ரூம் வாளியில் முக்கி எடுக்கிறீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போன முயல்கள் உண்டு. பிள்ளைகள் காதைப் பிடித்துத் தூக்குகிறார்கள். முயலின் எலும்பு இலேசு, தொடை பலமானது. அந்தரத்தில் பயந்து உதைத்தால் அந்த உதையிலேயே தன் முதுகெலும்பை ஒடித்துக்கொள்ளும்.

அந்த ஜோடி? நாலைந்து மாதத்தில் பருவம். 30, 31 நாளில் பிரசவம். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கவும் முடியும். குட்டிகளைத் தன் வயிற்று ரோமத்தைப் பிய்த்து மூடிவைத்துவிட்டுத் தாய் எட்டிப்போய் உட்காரும். ஒரு நாளில் ஒன்றிரண்டு முறை, சில நிமிடம், பால் கொடுத்தால் முடிந்தது. மோப்பம் பிடித்து எதிரி வராதிருக்க அதன் ஏற்பாடு. வீட்டம்மா பார்க்கிறார்: "கல் நெஞ்சுக்காரி, பிள்ளைங்களை விட்டுட்டா!" இங்க் ஃபில்லரில் ஆவின் பால். இரண்டு நாளில் எல்லாக் குட்டியும் போயிற்று. பழி தாய்மேல்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் நம்மூர்ச் சம்பந்தத்தோடு. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவு, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். அசையப் போதுமான நீளமும் அகலமும் உயரமும் இல்லாத கூண்டில் எந்தப் பிராணியை அடைத்தாலும் 11ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை? முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம். அச்சுப்பிழை இல்லை, ஐம்பதுதான். அன்றைக்கு அது பணம். இன்றைக்கு நல்ல ஹோட்டலில் இரண்டு டிகிரி காபிக்குக் காணாது. அறுபது வருடத்துக்கும் மேலாக எம்பிக்களின் சம்பளம் எத்தனை முறை ஏறியது, இந்த அபராதம் ஏறவில்லை. முயல்களுக்கு ஓட்டு இல்லை, சங்கமும் இல்லை, சாலைமறியல் செய்யத் தொண்டையும் இல்லை. 2018இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கு விதிகள் வந்தன, மாநில விலங்கு நலவாரியத்தில் பதிவு கட்டாயம் என்றார்கள். சந்தையில் கூண்டு விற்பவரிடம் பதிவுச் சான்றிதழ் கேட்டுப் பாருங்கள். "எந்த சைஸ் சார் வேணும்?" என்பார்.

நம் காட்டு முயலைப் பிடித்து அடைத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும், ஜெயில்கூட உண்டு. ஸ்பெயின்காரனை அடைத்தால் காபிக் காசு.

நோய் வந்தால்? டாக்டரிடம் போனால் ஃபீஸ், ஆட்டோ, மருந்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் காசில் இன்னொரு ஜோடி வந்துவிடும். கணக்கு சரிதான். அதனால் மருந்துக்கடையில் பிள்ளைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சமிருந்ததைப் புகட்டுகிறார்கள். அது குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று முயலையும் சேர்த்தே கொன்றுவிடும். உண்ணிக்கு நாய் மருந்தான ஃபிப்ரோனில் தடவுகிறார்கள், அதுவும் முயலுக்கு விஷம். பிறகு சந்தைக்கு ஒரு நடை. பாப்பாவுக்கு அதே வெள்ளை, அதே பெயர். சிலர் அந்தப் பாவத்துக்கும் அஞ்சி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது சவுக்குத் தோப்பில் இறக்கிவிட்டு, "சுதந்திரமா இருக்கட்டும்" என்று செல்ஃபியோடு திரும்புகிறார்கள். பச்சைப் புல்லில் பால்வெள்ளையாக ஒரு பிராணி, ஒளிய வளை இல்லை, ஓடப் பழக்கம் இல்லை. அந்தச் சுதந்திரம் தெருநாய் வரும்வரை.

ஒரு விசித்திரம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கறிக்கு முயல் வளர்க்கிற விவசாயிக்கு இவர்களைவிட முயலைத் தெரியும். கூரைக்குத் தென்னங்கீற்று வேய்வார், உச்சி வெயிலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார், வரப்பில் வேலிமசால் போடுவார், ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பார். அவருடைய கூண்டும் கம்பிதான், அதைப் புகழவில்லை. ஆனால் ஒரு முயல் தீனி எடுக்காவிட்டால் அன்று சாயங்காலமே அவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் செத்தால் நஷ்டம். வெட்டப்போகிறவன் கவனித்துப் பார்க்கிறான். கொஞ்சுகிறவன் பார்ப்பதில்லை.

எல்லாரும் அப்படியில்லை. தாம்பரம் பக்கம் ஒரு தம்பதி இருக்கிறார்கள். இரண்டு முயல்கள், இரண்டுக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆயிற்று. கூண்டு என்ற பேச்சே இல்லை. ஒரு சின்ன அறை முழுக்க அவற்றுக்குத்தான். தரையில் பழைய பருத்திப் பாய். ஒளிய இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, இரண்டு எதற்கென்றால் ஒன்று மறித்துக்கொண்டால் இன்னொன்று தப்பிக்க. தோண்ட ஒரு டப் நிறைய மண். மூலைத் தட்டில் காய்ந்த புல், அதன் பக்கத்திலேயே கழிவுக்கு ஒரு தட்டு; தின்றுகொண்டே போவதுதான் முயலின் வழக்கம். ஒயர்களையெல்லாம் குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து, துணி சுற்றி உருட்டிவிடுவார்கள். இரண்டும் அதன்மேல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்கும். சாயங்காலம் ஐந்தரைக்குமேல் சேட்டை ஆரம்பம். திடீரென்று ஒன்று எம்பும், அந்தரத்தில் இடுப்பை ஒருபக்கமும் தலையை மறுபக்கமும் முறுக்கும், இறங்கும், சுவர்வரை ஓடும், மறுபடி எம்பும். அதற்கு வாய் இல்லை என்று யார் சொன்னது என்று தோன்றும்.

அக்கம்பக்கத்தில் அவர்களுக்குப் பட்டம் கொடுத்தாயிற்று: பைத்தியங்கள். "முயலுக்குப் போய் ஒரு ரூமா? வாடகைக்கு விட்டா என்ன வரும் தெரியுமா?" வருகிற விருந்தாளிகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "ஸோ க்யூட்" என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போன தையில் ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அவர் மட்டும் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். ஒன்று வந்து அவர் விரலை முகர்ந்தது. முதுகைத் தடவினார், தொடையை லேசாக அமுக்கினார், பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்.

"அருமையா வளர்த்திருக்கேம்மா. ஒரு சொறி இல்ல, ஒரு புண்ணு இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உரிச்சா ஒண்ணு ரெண்டு கிலோ தேறுமா?"

அந்த முயல்களை ஒழுங்காகப் பார்த்த முதல் விருந்தாளி அவர்தான்.