ரீஸ்டார்ட் மாமா

தெருவுக்கு ஒருவர் இருப்பார். வயது ஐம்பதுக்கு மேல், எழுபதுக்குள். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்கும். அதை அவர் எதிலும் சொருகி யாரும் பார்த்ததில்லை. தென்னேரியில் எங்கள் தெருவில் இருப்பவருக்கு ரீஸ்டார்ட் மாமா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

எந்த வீட்டிலாவது "நெட்டு வருது, போவுது" என்று யாராவது ஆரம்பித்தால், வாக்கியம் முடிவதற்குள் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கும். கூப்பிட வேண்டியதில்லை. செல்போனில் வட்டம் சுற்றுவது அவருக்கு மூன்று வீடு தள்ளியே தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ரகம் வைஃபையோடு பிறந்ததல்ல. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்குச் சில வருடங்கள் கழித்து எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு டிவிப் பெட்டிகள் வந்து சேர்ந்தபோது, மாமா டிரவுசர் போட்ட பையன். பெட்டி கூடத்தில், அலுமினிய ஆண்டெனா மாடியில், அதைத் திருப்புகிற வேலை மாமாவுக்கு. மேலேயிருந்து "தெரியுதா?" என்பார். கீழேயிருந்து "புள்ளி புள்ளியா கீது" என்பார்கள். "இப்போ?" "ஆங், ஆங், அப்படியே புடி!" வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் முடிகிற வரையில் அவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இருந்தவர்கள் பாட்டில் லயித்து அவரை மறந்துவிட்டார்கள். ஒரு தலைமுறை பாட்டைப் பார்த்து வளர்ந்தது. மாமா சிக்னலைப் பார்த்து வளர்ந்தார்.

அதன் பிறகு கேபிள் டிவி வந்தது, மாடியில் டிஷ் வந்தது, செல்போன் வந்தது. ஏரிக்கரையில் எந்தப் பனைமரத்தடியில் நின்றால் போன் எடுக்கும் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவரும் மாமாதான். நடுவில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்வந்தார். அங்கே நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தி தொடங்கி 2014இல் மூடப்பட்டது; அந்த எட்டு வருடத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பலர் செல்போன் செய்யக் கற்றார்கள். மாமா கான்டீன் காண்ட்ராக்டில் சாம்பார் வாளி தூக்கினார். ஆனால், "நான் நோக்கியாவுல இருந்தவன்" என்று அவர் சொல்வதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் ரூட்டரைப் பார்க்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மின்விசிறியைப் பார்த்து, "எத்தினி நாளா இப்படி?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் "இன்னா கலர் லைட்டு எரியுது?" பச்சை என்றால் "ம்". சிவப்பு என்றால் அதற்கும் "ம்". பிறகு எழுந்து போய்ப் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "சூடா கீது" என்பார். சூடாக இல்லாத ரூட்டரை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கடைசியில் வரும் தீர்ப்பு: "ஆஃப் பண்ணு. மனசுக்குள்ள முப்பது எண்ணு. ஆன் பண்ணு." எதற்கு முப்பது என்று கேட்டால், "உள்ள இருக்கிற பழைய நெட்டு வடியணும் இல்ல?" என்பார்.

சும்மா சொல்லக்கூடாது, பல நேரம் வந்துவிடுகிறது. ரூட்டர் என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, பொங்கலும் கிடையாது. எந்தப் போன் எந்தப் பக்கத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கை நினைவில் குவித்துக்கொண்டே போகும். நினைவு நிரம்பினால் தடுமாறும். மின்சாரத்தை நிறுத்தினால் அந்தக் கணக்கெல்லாம் துடைக்கப்பட்டு, கம்பெனியோடு புதிதாகக் கை குலுக்கி ஆரம்பிக்கும். கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரம் இறங்கச் சில நொடிகள் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆகவே மாமாவின் முப்பதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. வடிவது பழைய நெட்டு இல்லை, அவ்வளவுதான்.

சிக்கல், காலையில் வந்தது சாயங்காலம் ஏழு மணிக்குப் போவதில் இருக்கிறது. வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் 2005 ஜனவரியிலிருந்து லைசென்ஸ் தேவையில்லை. இடம் மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அதைப் பதின்மூன்று சேனலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றாலும், ஒன்றின் மேல் ஒன்று படாமல் உட்கார 1, 6, 11 என்று மூன்றுக்குத்தான் வழி. ப்ளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான், எதிர்வீட்டு ரூட்டரும் அங்கேதான். பல ரூட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டும் எந்தச் சேனல் காலி என்று ஒரு முறை எட்டிப் பார்த்து உட்கார்ந்துவிடும், அப்புறம் எழுந்திருக்காது. காலை பத்து மணிக்கு மாமா எண்ணி முடித்துப் போட்டபோது காலியாக இருந்த சேனலில், வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் திரும்பிய பிறகு கூட்டம் நெரிகிறது. மறுபடி வட்டம் சுற்றுகிறது. மறுபடி செருப்புச் சத்தம்.

ரூட்டரை எங்கே வைப்பது என்பதில் நம் வீடுகளுக்கு ஒரு தனிப் பார்வை உண்டு. விலையுள்ள பொருள் கண்ணில் படக்கூடாது. டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். இரும்பு பீரோவுக்கு மேல், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே வைப்பார்கள். தூசு படாமலிருக்கப் பூ வேலை செய்த துணி உறை போடுவார்கள். ஒரு வீட்டில் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்ததில் முன்பக்க விளக்குகள் எல்லாம் மூடிப்போயின. மாமா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு "எல்லாமே சிவப்பு. பெரிய ஃபால்ட்டு" என்று அறிவித்தார். ஈரத் துணியால் துடைத்தார்கள், சரியாகிவிட்டது. இரும்பு, அலையைத் திருப்பி அடிக்கும். பழைய வீடுகளின் கனத்த சுவர் பாதியைக் குடித்துவிடும். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான். ஆனால் சுவர் தாண்டுவதில் 2.4ஐ விட சோம்பேறி. ஏரிப் பாசன ஊர்க்காரனுக்கு இதை நீட்டி முழக்க வேண்டாம். மதகை ஒட்டிய வயலில் தண்ணீர் தளும்பும்போது கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ரூட்டர் முன்கட்டு பீரோ மேல் இருந்தால் பின்கட்டு சமையலறைதான் கடைமடை.

மாமாவிடம் கொள்கைகள் பல உண்டு. "ஏரி ரொம்பினா நெட்டு வராது" என்பது அவற்றில் முதலாவது. தென்னேரி, மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று; அது நிரம்புகிற மாதத்தில் நெட்டு போவதும் உண்மை. காரணம்தான் வேறு. மாடி டிஷ் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலான அலையில் ஓடுவது. அந்த அலையைப் பெருமழை நிஜமாகவே மறைக்கும். மாமா அந்தப் பாடத்தை வைஃபைக்கும் நடத்திவிட்டார். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிற அலை எந்த மழையில் நனைகிறது? மழையில் நனைவது வெளியே கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற கேபிளும் அதன் இணைப்புப் பெட்டியும்தான்.

அந்தக் கேபிளின் உள்ளே போவது முடி கனத்துக் கண்ணாடி இழை. அதன் நடுவில் ஒளி ஓடுகிற பாதையின் அகலம் ஒன்பது மைக்ரான். இழையைச் சற்று அதிகமாக வளைத்தாலே ஒளி வெளியே கசிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதன் மேல் குரங்கு ஊஞ்சலாடுகிறது, அணில் பல் பார்க்கிறது, அறுப்புக் காலத்தில் கூரை உயரத்துக்கு வைக்கோல் ஏற்றி வருகிற லாரி மொத்தமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. அப்போது வீட்டுப் பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கும். அது மினுக்கும்போது உள்ளே ஆயிரம் எண்ணினாலும் பயனில்லை. மாமாவுக்கும் இது தெரியும். ஆனாலும் மரியாதைக்கு ஒரு தரம் ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார். அண்ணாந்து கேபிளைப் பார்த்தபடி வாலாஜாபாத் போகிற சாலை வரைக்கும் நடப்பார். பின்னாலேயே நாலு பிள்ளைகள் அண்ணாந்தபடி நடக்கும். கேபிள்காரப் பையன் இழை ஒட்டுகிற மெஷினோடு வந்ததும், ஏணியை மாமா பிடித்துக்கொள்வார். பிடி என்று சொன்னால் விடமாட்டார். சின்ன வயதுப் பழக்கம்.

அவருடைய பெரும் வெற்றி கஸ்டமர் கேரில் நடந்தது. ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் லைனில் வந்த பெண், "சார், ரூட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்றாள். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். "கேட்டியா? கம்பெனியே நான் சொல்றதைத்தான் சொல்லுது." அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரிடம் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

எதிர்த்துப் பேசியது, வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஒரு பெண். பேசும்போதே மீட்டிங்கிலிருந்து விழுந்து விழுந்து எழுந்ததில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. லேன் வயர் ஒன்றை வாங்கி, லேப்டாப்பை ரூட்டரில் நேராகச் சொருகினாள். அரை மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை.

"மாமா, ஒயர்ல போட்டா நிக்குது. அப்போ லைன்ல கோளாறு இல்ல. வீட்டுக்குள்ள காத்துல வர்றதுதான் கோளாறு."

"ஒயர்ல வந்தா அதுக்குப் பேர் வைஃபையாம்மா?"

"இல்ல மாமா, எங்க தப்புன்னு கண்டுபிடிக்கறதுக்கு..."

"நான் வந்து நின்னதுமே தெரிஞ்சுபோச்சு எங்க தப்புன்னு. இந்த பீரோ வாசல் பாத்துகினு கீது."

அவள் ரூட்டரை பீரோவிலிருந்து இறக்கி, கூடத்தின் நடுச்சுவரில் தலை உயரத்தில் திறந்த பலகையில் வைத்தாள். செட்டிங்கில் போய் சேனலை 6லிருந்து 1க்கு மாற்றினாள். இன்றுவரை நிற்கிறது. மாமா தெருவில் சொல்வது: "பீரோவை விட்டு எடுன்னு நான்தான் சொன்னேன்." யோசித்துப் பார்த்தால், ஒரு விதத்தில் சொல்லத்தான் சொன்னார். நெட்டு தகராறில் பாதி, ஒரு முழ வயர் சொருகிப் பார்த்தால் முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். உள்ளே கோளாறா, வெளியே கோளாறா என்று பிரிக்காமல் கம்பெனிக்காரனையும் கேபிள்காரனையும் ஏரியையும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கும்பிடு போடலாம்: அடாப்டர். மாமாவிடம் ஒரு மஞ்சப்பை உண்டு. அது நிறைய அடாப்டர்கள். பழைய செட்டாப் பாக்ஸினுடையது, ரேடியோவினுடையது, எதனுடையது என்றே தெரியாதது. ஊரில் மோட்டார் போட்டால் கரண்ட்டு கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டலில் ரூட்டர் அணைந்து எழுந்து லைனைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நாள்தோறும் இப்படி அடி வாங்குகிற அடாப்டருக்குள் கண்டென்சர் உப்பிவிடும். 12 வோல்ட் தர வேண்டியது திணறும்போது ரூட்டர் நினைத்த நேரத்தில் அணைந்து எரியும். வீட்டுக்காரர்கள் இதைத்தான் "தானா போவுது, தானா வருது" என்கிறார்கள். மாமா அடாப்டரைக் காதில் வைத்துக் கேட்பார். 'உய்ங்' என்றால் கழற்றிவிடுவார். பையிலிருந்து அதே வோல்ட், அதே ஆம்பியர் எழுதியிருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படித்து ஒன்றை மாட்டுவார். அந்த நேரத்தில் அவர் பேசமாட்டார். உருப்படியாக வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலையில் வாரியத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்ற சட்டம். பின்னதின்படி வயது 35க்கு மேல் 70க்குள். கால் வேலிக்கு மேல் நிலம். சொந்த மனையில் வீடு. ஏரிக்கு வாரியம், தோட்டத்துக்கு வாரியம், பொன்னுக்கு வாரியம். இன்று வைஃபை வாரியம் என்று ஒன்று போட்டால் ஓலையே குலுக்க வேண்டாம், மாமாதான் என்று நினைத்தேன். பார்த்தால் அவர் தேறமாட்டார். மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. மாமா பதவியை விட்டு இறங்கியதே இல்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு எப்போதுமே இடமில்லை. அந்த மஞ்சப்பைக்கு யார் கணக்குக் கேட்பது? அரசாங்கம் பாரத்நெட்டில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகத் திட்டம் போட்டது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து உங்கள் பீரோ வரைக்குமான நிர்வாகம் மாமாவிடம்.

கூலி வாங்கமாட்டார். ஒரு காபி. அப்புறம், "செக் பண்ணணும், பாஸ்வேர்டு சொல்லு." அவ்வளவுதான். இப்படித் தெரு முழுக்கப் பாஸ்வேர்டு அவர் போனில் இருக்கிறது. தெருமுனையிலிருந்து பிள்ளையார் கோவில் வரை அவர் நடந்தால் போன் வீட்டுக்கு வீடு தாவிப் பிடித்துக்கொண்டே போகும். திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்து பழைய எம்.ஜி.ஆர். படம் பார்ப்பார். படம் நின்றுபோனால், அந்த வீட்டில் நெட்டு போய்விட்டது என்று வீட்டுக்காரருக்கு முன்பே அவருக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வருவார். மாமா வீட்டில் இணைப்பு கிடையாது. எதற்கு வீண் செலவு என்கிறார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். வந்தால் காபி கொடுங்கள், அடாப்டரைக் காட்டுங்கள், மரியாதையாக முப்பது எண்ணுங்கள். அவர் போன பிறகு பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். மறுநாள் காலை உங்கள் வாசலில் நின்று, "உங்க வூட்டு நெட்டுல ஏதோ கோளாறு, நான் பாக்கறேன்" என்பார். இல்லை மாமா, நல்லா வருது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.