உளியை ராத்திரியே தீட்டி வைக்கணும்டா

வா பேராண்டி, உக்காரு. கால நல்லா நீட்டிக்க. அந்தப் பதக்கத்தக் கழுத்துல போட்டுக்கிட்டே பசியாற வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ரொட்டிச் சானாய் அடிக்கிற தம்பி மூணு தரம் எட்டிப் பாத்துட்டான். ஓடி முடிச்ச அத்தனை பேருக்கும் இதே பதக்கந்தான் குடுத்தாங்கன்னு அவன்கிட்ட நான் வாயத் தொறக்கல. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கில்ல.

எனக்கு ஒண்ணுதான் புரியல. சிரம்பான்ல நல்ல வேலை, மாசமானா சம்பளம். வெள்ளிக்கெழம சாயங்காலம் புக்கிட் தங்கா வளைவெல்லாம் சுத்தி கோலா கிளாவாங் வந்து, பாட்டி சமைச்சதச் சாப்பிட்டுட்டுத் தூங்கலாம். அத விட்டுட்டு வெள்ளி கட்டிப் பேர் குடுத்து, ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள போர்ட்டிக்சன் கடல்ல போய் விழுந்திருக்க. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இது சின்னத் தூரமாம். ஒலிம்பிக்ல 2000-ல சிட்னியில சேத்தாங்களே, அதுக்கு இதப்போல ரெண்டு மடங்காம். நல்லவேள, நீ ஒலிம்பிக்குக்குப் போகல.

இந்த ஆட்டம் தொடங்கின கதையையும் நீதானே காடியில வரும்போது சொன்ன? 1974 செப்டம்பர்ல, அமெரிக்காவுல சான் டியேகோன்னு ஒரு ஊரு, 46 பேரு. ஒரு பொழுதுபோக்குக்கு ஓடி, மிதிச்சு, நீந்திப் பாத்தாங்கன்னு. அதே 1974-ல நான் நம்ம ரப்பர் தோட்டத்துல என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? விடியக் காலையில பெரட்டுக்குச் சைக்கிள்ல போவேன். பொழுது ஏறுற வரைக்கும் மரத்துக்கு மரம் ஓட்டம். காண்டாக் கம்புல பால் வாளியத் தோள்ல தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு நட. சாயங்காலம் திரியாங் ஆத்துல முங்கல். மூணும் அன்னாடம் நடந்துச்சு. பதக்கத்துக்குப் பதிலா கிராணிகிட்ட, பால்ல தண்ணி கலந்தியான்னு திட்டு வாங்கினேன். சான் டியேகோவுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது நாங்கதான்னு நான் சொல்ல வரல. சொன்னா தப்பும் இல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தண்ணிக்குள்ள நீ பட்ட பாட்ட நான் கரையில நின்னு பாத்தேன். ஊதல் ஊதினதும் முன்னால பாஞ்ச. ஒருத்தன் கால் உன் மூஞ்சியில, உன் கை இன்னொருத்தன் முதுகுல. நம்ம லயத்துப் பைப்படியில காலையில தண்ணி விடுற நேரத்துக்குச் சண்ட நடக்குமே, உன் பாட்டி எப்பவாச்சும் நடுவுல போய் நின்னு பாத்திருக்கியா? ஓரமா வாளிய வச்சுட்டு வெத்தல மென்னுக்கிட்டிருப்பா. முட்டி மோதறவளுங்க முட்டி மோதி முடிச்சதும் போய்ப் புடிப்பா. நூறு மீட்டர் ஓரமாப் போடா. கூட்டம் தானா நீண்டு எளச்சுரும். நீ மூச்சு வாங்கிக்கிட்டு மல்லாக்கப் படுத்து மேகம் பாத்தியே, அந்த நேரம் மிச்சம்.

ஆனா நீ தோத்தது தண்ணியில இல்ல. சைக்கிள்லயும் இல்ல. சட்ட மாத்துற எடத்துல தோத்த.

கரையேறி வந்து, அந்தக் கம்பியில வரிசையாத் தொங்குற சைக்கிள் நடுவுல நின்னு திருவிழாவுல தொலஞ்ச புள்ள மாதிரி முழிச்ச. எல்லாம் ஒரே மாதிரி இருக்காம். எனக்கு 450 மரம் இருந்துச்சு. எல்லாம் ரப்பர் மரம், எல்லாம் ஒரே சாம்பல் நெறம், அதுவும் கும்மிருட்டுல. என் நெரை எங்க தொடங்குது, எந்த மரத்து மங்கு ஒடஞ்சது, எந்த மரம் நாலு சொட்டுக்கு மேல தராத கருமி, எல்லாம் காலுக்கே தெரியும். பால் குளுமையிலதான் நல்லா எறங்கும், வெயில் ஏறினா நின்னு போயிரும். அதனால தேடி நிக்க நேரமே கெடையாது. நீ ஒரே ஒரு சைக்கிள வச்சுட்டு அதத் தேடுற. முந்தின நாளே போய், கடல்லேருந்து வர்ற வழியில நடந்து பாத்து, எந்த வரிசை, பக்கத்துல என்ன மரம், என்ன கொடின்னு மனசுல குறிச்சு வச்சிருக்கணும்.

அப்புறம் ஒக்காந்த. ஈரக் கால்ல காலுறைய இழுத்த. பாதி கால்ல நின்னுக்கிச்சு, உள்ள மணல். ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி ஆடின. சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடின. அங்க சிவப்புச் சட்ட போட்ட ஒருத்தர் கை காட்டி நிறுத்தினார். தலைக்கவசம்! வார் மாட்டாம சைக்கிளத் தொடக்கூடாதாம். மறுபடி திரும்பி, அதத் தலையில கவுத்து, நடுங்குற கையால வாரத் தேடி... நான் மணி பாத்தேன்டா. ஏழு நிமிஷம். அதுக்குள்ள நான் ஒரு தே ஓ குடிச்சு முடிச்சுட்டேன், சூடா.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணுவேன்? உளிய சாணக்கல்லுல தீட்டி எறவாணத்துல சொருகுவேன். அதுக்குக் கீழ நெத்தி வெளக்கு. அதுக்குக் கீழ வாளி, வாளிக்குள்ள கொசுவத்தி. எழுந்த வரிசையில கை போகும். கண்ணத் தொறக்கவே வேணாம். உன் துண்டு மேலயும் அப்படித்தான் வைக்கணும்: தலைக்கவசம் மல்லாக்க, வார் ரெண்டு பக்கமும் விரிஞ்சு, சைக்கிள் கைப்பிடி மேலயே. காலணி வாயத் தொறந்து, உள்ள கொஞ்சம் பவுடர். கயிறு கட்டுற வேல வேணாம், இழுபடுற லாஸ்டிக் கயிறு விக்குதாமே, அத மாட்டு. சின்னத் தூரத்துக்குக் காலுறையே வேணாம்னு பக்கத்துல நின்ன சீனப் பையன் சொன்னான். உனக்கு முன்னாடியே போயிட்டான் அவன். உன் வயசுகூட இல்ல.

சைக்கிளப் பத்தி ஒண்ணும் சொல்லல. கெந்திங் பெராஸ் மேட்டத் தாண்டி ஞாயித்துக்கெழம நம்ம ஊருக்குள்ள எறங்குவாங்களே, கலர் கலரா, அடியில இரும்பு வச்ச காலணியில டக்கு டக்குன்னு நடந்து வந்து நாசி லெமாக் கேப்பாங்களே, அவங்கள மாதிரியே மிதிச்ச. நல்லாத்தான் இருந்துச்சு.

எறங்கி ஓட ஆரம்பிச்சதும் கால் உன்னது இல்லாத மாதிரி துவண்டுச்சுன்னு சொன்னியே, அது எனக்குத் தெரியும். ரெண்டு வாளி பாலு, காண்டாவத் தோள்லேருந்து எறக்கி வச்சதும் தோள் தானா மேல பறக்கும். ஒடம்புக்கு எறக்கினது இன்னும் தெரியல, பழய கணக்குலயே நிக்குது. கடசி ஒரு கிலோமீட்டர் லேசான கியர்ல வெரசா மிதி. எறங்கினதும் எட்டு வைக்காத, சின்னச் சின்ன அடி வை. கால் கொஞ்ச நேரத்துல சொந்தக்காரன்கிட்ட திரும்பி வரும்.

நடுவுல நடந்தத நான் பாக்கலன்னு நெனச்சியா? நடக்கறது கேவலம் இல்லடா. 1998-ல கோலாலம்பூர் காமன்வெல்த்துல நம்ம சரவணன் 50 கிலோமீட்டர் நடந்தே தங்கம் வாங்கினாரு. ஆனா அவரு நடக்கறதுக்குன்னே நடந்தாரு. ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரைய விட்டா வெளிய அனுப்பிருவாங்க. நீ இடுப்புல கையக் குத்திக்கிட்டு, வாங்கின கடன யோசிக்கிறவன் மாதிரி நடந்த. படம் புடிக்கிறவன் கேமராவத் தூக்கினதும் ஓடின. அந்தப் படம் நல்லா வந்திருக்கு, பாட்டி சட்டம் போடச் சொல்லிட்டா.

அடுத்த தரமும் பேர் குடுத்துட்டேன்னு இப்பதான் சொல்ற. குடு. ஆனா நாளைக்கு நீச்சலும் வேணாம், மேடும் வேணாம். காலையில அஞ்சு மணிக்கு எழுப்புவேன். வாசல்ல துண்ட விரிச்சு வச்சிரு. உன் தலையில ஒரு வாளி தண்ணி ஊத்துவேன். ஊத்தினதும் ஓடி வந்து மாத்து. பாட்டி கடிகாரத்தோட திண்ணையில ஒக்காந்திருப்பா. அவ கையில பெரம்பு இருந்தா, அது கோழி வெரட்ட.

அந்தக் கொழம்ப இந்தப் பக்கம் தள்ளு. ரொட்டி ஆறிப் போச்சு.